லண்டன் சிநேகிதர்

“ஒரு சிநேகிதரைப் பார்க்க லண்டன் வரைக்குமா போவீங்க? நம்ம நீடாமங்கலத்துக்கு வரச் சொல்லுங்களேன்” என்றாள் பூர்ணிமா.

“அவரால நம்ம வீட்டுக்கு வர முடியாது” என்றார் எழுத்தாளர் மதிவாணன். “அங்க ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணா ஊர் சுத்தினோம். இப்பவும் என் கதையை அவர்தான் முதல்ல திருத்துவார்.”

“திருச்சியிலயாவது பார்க்கலாமே.”

“அங்கயும் நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியோடு வாசலுக்கு வந்தார்கள். எதிர்வீட்டுக்காரரும் பெட்டியோடு காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“உள்ள வாங்க” என்றாள் பூர்ணிமா. “வாய்க்கால் தகராறுல மூணு தலைமுறையா பேச்சுவார்த்தை இல்லாத குடும்பம். அந்தாளு மூஞ்சியில முழிச்சா போற காரியம் விளங்கின மாதிரிதான்.”

மதிவாணன் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிர்வீட்டுக் கார் தெருமுனை திரும்பியதும் மதிவாணன் போனுக்கு அந்தக் காரிலிருந்து செய்தி வந்தது:

“கொஞ்சம் பொறுத்துக் கிளம்புடா. ஜன்னல் சீட் உனக்குத்தான்.”