கௌபித் தோட்டத்து இருமல்

செல்வநாயகம் செத்து ஒரு வருடம். ஆனாலும் பொழுதுபடும் நேரம் அவருடைய கௌபிப் பயற்றுத் தோட்டத்தில் இருமல் கேட்கும். "மனுசன் அங்க தனிய நிக்கிறார்" என்று, மகளோடு வவுனியாவுக்குப் போக மறுத்தாள் அவர் மனைவி பத்மாசனி.

பயிரை ஆராய வந்த விவசாய அதிகாரி யதுர்ஷிகா வேர் முடிச்சைக் காட்டினாள். "விதையோட போட்ட பற்றீரியா செத்திட்டுது அம்மா. சாக முதல் அதின்ர மரபணுத் துண்டு பக்கத்துப் பற்றீரியாவுக்குள்ள பாய்ஞ்சிட்டுது. இப்ப பயிருக்கு உரம் குடுக்கிற அதின்ர வேலையை அயல்தான் செய்யுது."

பத்மாசனி அடுத்த காணிக்காரனான என்னைப் பார்த்தாள். "இருமுறதும் அயல்தானோ அண்ணை?"

"ஓம் தங்கச்சி. நீங்களும் போனா எனக்குக் கதைக்க ஆரிருக்கு?"

மறுநாள் பின்னேரம் பயணம் சொல்ல வந்தாள். அவளுக்கு முன்னால் கதிரையில் வாய்மூடி இருந்தேன். தோட்டத்தில் இருமல் கேட்டது.

அவள் போகவில்லை. இப்போது வவுனியாவில் வீடு தேடுவது நான்தான்.