கூரைக்குக் கை தூக்குங்க

"புள்ளைங்க லீவைப் புடுங்கறதா? இன்னா டீச்சரம்மா, நாயமா இது?"

தங்கவேலு எழுந்தே நின்றுவிட்டார். மூடிப்போன தங்கச் சுரங்கத்தை ஒட்டிய ஊரிகம் சர்க்கார் பள்ளிக்கூடத்தின் கமிட்டித் தலைவர். படித்ததும் இங்கேதான். இப்போது கடைவீதியில் பாத்திரக்கடை.

தலைமையாசிரியை வினோலியா பொறுமையாகச் சொன்னார். "வந்திருக்கிற நிதி ஒரு வேலைக்குத்தாங்க காணும். கூரையை மாத்தலாம். இல்லன்னா ஏப்ரல், மே முழுக்க சாப்பாட்டோட பள்ளிக்கூடம் நடத்தலாம். கமிட்டிதான் சொல்லணும்."

"கூரைதான்! மழை வந்தா ரெண்டு கிளாஸ் ஒரே ரூம்ல குந்திக்கினு கீதுங்க."

கமிட்டியில் பெற்றோர் சார்பில் இருந்த சரஸ்வதி தயங்கித் தயங்கி எழுந்தாள். பெங்களூரில் துணிக் கம்பெனி வேலை.

"அண்ணா, விடிகாலை ரயிலுக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றோம். எங்க சுரங்கத்து லைன் வூடுங்கள்ல பாதி பூட்டித்தான் கெடக்குது. லீவு வுட்டா எம் பொண்ணு நாள் பூரா தனியா இருக்கணும். ராத்திரி நான் கதவைத் தட்டினாகூட, நீதானாம்மா, நீதானாம்மான்னு கேட்டுட்டுத்தான் தொறக்குது."

"நாங்க இன்னா தொலைஞ்சா பூட்டோம்?" தங்கவேலு சிரித்தார். "சுரங்க மண்ணு கொட்டின மேட்டுல தகரத்தைப் போட்டு சறுக்குவோம். டவுசர் கிழிஞ்சா எந்த வூட்டு அம்மாவாச்சும் தெச்சிக் குடுக்கும். சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சிக்கினு பேத்தமங்களா ஏரிக்குப் போவோம். ஷிப்ட் முடிஞ்சி சங்கு ஊதினா நந்திதுர்க் ஷாஃப்டுக்கு ஓட்டம். குழிக்குள்ளேர்ந்து அப்பாங்களை ஏத்திக்கினு கேஜ் மேல வரும். எல்லா மூஞ்சியும் மண்ணு. எது யாரு அப்பான்னு பல்லைப் பாத்துதான் கண்டுபுடிப்போம்!"

எல்லாரும் சிரித்தார்கள். கமிட்டியில் மூத்தவரான அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சங்கு இன்னும் காதுல ஊதிக்கினே கீதுப்பா."

"அப்படியாப்பட்ட லீவை நம்ம புள்ளைங்ககிட்டேர்ந்து பறிக்கலாமா? கூரைக்குக் கை தூக்குங்க!"

தங்கவேலு வலக்கையை உயர்த்தினார். மளமளவென்று கைகள் எழுந்தன. சரஸ்வதியின் கை மட்டும் மடியிலேயே இருந்தது. வினோலியா எண்ணத் தொடங்கினார்.

அப்போது தங்கவேலுவின் போன் அடித்தது. மருமகள். தூக்கிய கையை இறக்காமலே, இடக்கையால் எடுத்துக் காதில் வைத்தார். கடையில் கத்திப் பேசியே பழகிய குரல்.

"சொல்லும்மா நேத்ரா... பாப்பா மேகனாவையா? சம்மர் கேம்ப்ல சேத்துடு. சாயந்தரம் வரைக்கும் வெச்சிக்கினு சாப்பாடும் போடறாங்க, அப்புறம் இன்னா யோசனை? நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் பூடுவீங்க, நான் கடையில கெடப்பேன். பொம்பளப் புள்ளைய வூட்டுல தனியா வுட முடியுமா? காலம் முன்ன மாதிரியா கீது?"

போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார்.

"எண்ணியாச்சா டீச்சரம்மா?"

"ஆச்சுங்க" என்றார் வினோலியா.

அறையில் இப்போது ஒரே ஒரு கைதான் உயர்ந்திருந்தது. அது தங்கவேலுவினுடையது.