ஆளில்லாத சுக்கான்

தோணி முட்டி நின்ற அதிர்ச்சியில்தான் அவர் விழித்தார்.

நல்ல பகல். காற்றில்லை. கடல், மடித்து வைத்த துணியைப் போல அசையாமல் கிடந்தது. இந்தப் பக்கத்தில் இருந்ததே ஒரே ஒரு பாறைத்திட்டு. தேடினாலும் லேசில் அகப்படாது.

தேடிப் போய் ஏறியிருக்கிறார்கள்.

அவர்தான் தண்டல். இந்தத் தோணியில் அவர் சொல்லே சொல். அவரையும் சேர்த்து நாலு உயிர். அடியில் சிமெண்ட் மூட்டைகள். அடிப்பலகை இன்னும் தாங்குகிறது. ஒரு பலகை விட்டால் போதும், தோணி மூழ்கிவிடும். கரை கண்ணுக்கே தெரியவில்லை.

சுக்கானில் ஆளில்லை.

"யாருல பிடிச்சிருந்தது?"

மாலுமி சிலுவைதான் பிடித்திருந்தான். மாற்ற வருகிறவன் 'பிடிச்சிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே இருப்பவன் கையெடுக்கலாம். அவர் தோணியில் அதுதான் சட்டம்.

இன்று மாற்ற வேண்டிய ரெமிஜியுஸின் வாய் நிறையச் சோறு. தலையை மட்டும் ஆட்டினான். சிலுவை கையெடுத்துவிட்டான்.

"தின்னுட்டு வாரேன்னுல்லா ஆட்டுனேன், தண்டல்."

ஆட்டினானாம்.

ஆழம் குறைந்தால் கத்துகிற கருவி ஒன்று இருந்தது. அது கத்தியும் இருக்கிறது. துண்டுக்குள்ளே. எஞ்சின் டிரைவர் பெஞ்சமின் அதைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். தண்டல் தூங்குகிறார் அல்லவா.

அந்த அக்கறையை நினைக்க நினைக்க அவருக்குப் பல் நறநறத்தது.

"ஆழம் கொறஞ்சு தண்ணி பச்சையா மாறினதையுமால யாரும் பாக்கல?"

சிலுவை பார்த்திருந்தான். முன்பக்கத்தில் நின்று கை கழுவும்போது நன்றாகவே பார்த்திருந்தான்.

"பாத்தேன். சுக்கான்ல இவன் நிக்கான்னு நெனச்சேன். இவன்கிட்டச் சொன்னா, எனக்கே கடல் படிச்சுக் குடுக்கியான்னு கேப்பான்."

"கேக்காம பின்ன? நீ பெரிய கப்பல் கேப்டன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் நெட்டித் தள்ளத் தொடங்கினார்கள்.

அவர் கத்தினார். தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். சோற்றைத் திட்டினார், துண்டைத் திட்டினார், இவர்களைப் பெற்றவர்களைத் திட்டினார். தொண்டை கம்மிப்போனது.

மூச்சு வாங்க நிறுத்தியபோது கால் நடுங்குவது தெரிந்தது.

கோபத்தில் நடுங்குகிறது என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்திருந்தார்.

குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்தார். நடுக்கம் பலகையில் இருந்தது.

எஞ்சின். இன்னும் முன்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. தோணியைப் பாறைமேல் தள்ளிக்கொண்டே இருந்தது.

மெல்லத் திரும்பிப் பெஞ்சமினைப் பார்த்தார்.

பெஞ்சமின் கையைக் கட்டிக்கொண்டு பணிவாக நின்றான்.

"நீங்க பேசி முடிச்சதும் நிறுத்தவான்னு கேக்கலாம்னு நின்னேன், தண்டல்."

நிறுத்தச் சொல்லி அவர் கையைக் காட்டினார்.

எஞ்சின் நின்றது.



அந்த அமைதியில்தான், காலடியில், மூட்டைகளுக்கு நடுவே, தண்ணீர் நடமாடும் சத்தம் நாலு பேருக்கும் கேட்டது.