நுங்கம்பாக்கத்து வாடகை

“பத்து நாள் டைம். அதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிரு” என்று ஹமீது சுல்தான், விற்பனை ஒப்பந்தத்தைத் தங்கையின் முன்னால் போட்டான். அவள் வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது.

ஜுனைதா, அண்ணன் போட்ட காகிதத்தைத் தொடவில்லை. “இது வாப்பா எனக்குத் தந்த வீடு காக்கா. நிக்காஹ் அன்னைக்கு ஜமாஅத்துல எல்லார் முன்னாடியும் சொன்னாகளே.”

“வாயால சொன்னா ஆச்சா? பத்திரம் எங்க?”

அவர்கள் ஊரான பெரியபட்டினத்தில் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அந்த நம்பிக்கையில் பத்திரம் எழுதாமலே அவர்கள் தகப்பனார் போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதப்படி மூன்றில் இரண்டு பங்கு மகனுக்கு.

“உன் பங்கை வாங்கிக்கிட்டுப் புதுமடத்துல ஒரு வாடகை வீடு பாரு. நான் மட்டும் நுங்கம்பாக்கத்துல வாடகைக்கு அழணுமா?”

“குடியேறி ரெண்டு வருசமாச்சு. ஒரு தடவகூட எங்களை அங்கன கூப்பிடலையே காக்கா.”

“மீன் வாடையோட அந்த லிஃப்டுல ஏறுவியா? மாசம் நாப்பத்தஞ்சாயிரம் வாடகை. ஜிம்முக்கும் நீச்சல் குளத்துக்கும் தனி. இப்ப அறுபதாயிரம் கேட்டு நோட்டீஸ் விட்டிருக்கான். சுவத்துல ஆணி அடிச்சது குத்தமாம்.”

“பதினோரு ஆணி அடிச்சா யாருக்கும் வயிறு எரியத்தான் செய்யும்.”

“அவனுக்குப் பரிஞ்சு பேசுறியா? ஓனர் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்ல. பவர் வாங்கின ஏஜெண்டுதான் கையெழுத்து, வசூல் எல்லாம். ரத்தம் உறிஞ்சுற நாய்! அதான் இதை வித்து, அந்த ஃபிளாட்டையே விலைக்கு முடிக்கப் போறேன்.”

“அப்ப நானும் பிள்ளைகளும் எங்கன போறது?”

“உன் புருசனைக் கேளு. ஹாஜா முகைதீன் இருபது வருசமா சவுதியில, தம்மாம்ல ஒட்டகமா மேய்க்கிறாரு? ஒரு குடிசை வாங்கத் துப்பில்ல!”

ஜுனைதா முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வாடகையைப் பழையபடி நாப்பத்தஞ்சே ஆக்கிட்டா, இந்த வீட்டை எனக்கு விட்டுருவீகளா காக்கா?”

“ஒத்த ரூவா ஆக்கினாலும் விடமாட்டேன். சாயல்குடிப் பார்ட்டிகிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சு. நடிக்காம கையெழுத்தைப் போடு.”

எழுந்து போய் பீரோவைத் திறந்தாள். ஒரு பத்திரத்தை எடுத்து வந்து அவன் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

நுங்கம்பாக்கம் என்ற எழுத்தைப் பார்த்ததும் ஹமீது குனிந்தான். அவன் குடியிருக்கும் ஃபிளாட்டின் நம்பர் இருந்தது. அதை வாங்கியவர் பெயரை இரண்டு தடவை படித்தான்.

“அந்தப் பதினோரு ஆணியையும் பிடுங்கிட்டு, பத்து நாள்ல காலி பண்ணுங்க காக்கா.”