ஒன்பதாவது வளைவில் சாப்பாடு

எந்தக் கார் எந்த இடத்தில் பழுதாகி நிற்கும் என்று கிளம்பும் முன்பே தெரிந்துவிடுவதால், கார் வைத்திருப்பவர்கள் கூட்டமாகப் போகும் குளிர்காலப் பயணத்தில் நிற்கப்போகும் கார்களை யாரும் சேர்ப்பதில்லை. ரகமத்துல்லாவின் பழைய கார் இரண்டு மார்கழியாக வீட்டிலேயே கிடந்தது. இந்த வருடமும் ஊட்டி மலையின் ஒன்பதாவது வளைவில் அதன் பெட்ரோல் பம்பு கைவிடும் என்று முன்னறிவிப்பு வந்துவிட்டது.

"அப்ப நான் வரலைங்க," என்றார் போனில், குரல் இறங்கி.

பயணத்தை ஏற்பாடு செய்யும் கோதைநாயகி சிரித்தாள். "எங்க நிக்கும்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறமென்னங்க பயம்? மத்தியானச் சாப்பாட்ட அந்த வளைவுக்கே மாத்திட்டேன். கிளம்பி வாங்கண்ணா."

சொன்ன இடத்தில் கார் இருமி நின்றது. பிரியாணி அண்டாவை யாரும் திறக்கவில்லை. பம்பைக் கழற்ற எட்டுப் பேர் முட்டிமோதினார்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை உறிஞ்சுவதை, கையெல்லாம் கரியோடு ரகமத்துல்லா விளக்கினார். கையோடு கொண்டுவந்திருந்த புதுச் சவ்வை மாட்டியதும் கார் உறுமியது, எல்லோரும் கைதட்டினார்கள்.

பழுதே வராத புதுக் காரின் சொந்தக்காரர் சம்பத் மெல்லக் கேட்டார்: "ஏனுங்க கோதை, அடுத்த வருசம் டீ குடிக்கற எடத்துல என்ற வண்டியும் கொஞ்சம் நிக்கற மாதிரி பண்ண முடியாதுங்களா?"