பொட்டலத்தில் இருந்த கொடி

முந்நூற்று இருபது ரூபாய் பாக்கி கேட்டு, நாட்டு மருந்துக் கடை சாவித்திரியம்மா பாபநாசத்திலிருந்து வரப்புக்கே வந்து நிற்கிறார். முழங்கால் வீங்கி நடவுக்கு இறங்க முடியாத நான், வேலியில் படர்ந்த கொடியை அறுத்துக் குவித்துக்கொண்டிருக்கிறேன். வாய்க்கால் தண்ணீரில் வெயில் நெளிகிறது. “மூட்டுவலிப் பொடி வாங்கி ரெண்டு மாசம் ஆச்சு, காத்தாயிக்கா.” மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்து, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை முதல்முறையாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். “முன்னாடி என்னமோ பெரிய பேரு, பின்னாடி முடக்கத்தான்னு போட்டிருக்கேம்மா! நான் அறுத்து எறியறதும் அதானே?” காற்றடைத்த காய் ஒன்று என் காலடியில் பட்டென்று வெடிக்கிறது. “பேரு பெருசா இருந்தாத்தானே வாங்குறீங்க” என்று சிரிக்கிறார். கணக்கு நோட்டை எடுக்கும் அவர் மணிக்கட்டும் வீங்கித்தான் இருக்கிறது. “உங்களுக்குமா?” “பச்சை இலையை மாவுல அரைச்சு தோசை சுட்டாத்தான் எனக்குக் கொஞ்சம் கேக்குது. கடைத்தெருவுல இலைக்கு எங்க போக?” கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி அவர் பையை நிறைக்கிறேன், எனக்கும் ஒரு பிடி முந்தானையில் முடிந்துகொள்கிறேன். அவர் நோட்டைப் பிரிக்கிறார். வீங்கிய கையில் பேனா நிற்கவில்லை. “இலைக்கும் பாக்கிக்கும் சரியாப் போச்சு, நீங்களே அடிச்சிருங்கக்கா.” என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் நானே கோடு இழுக்கிறேன்.