மை படாத விரல்

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் அண்ணி. ஒரு கட்சிக் கிளையின் பொருளாளர் அவர். அன்றைய கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்.

மக்களே நேரடியாக வாக்களிக்கும் ஜனாதிபதித் தேர்தலுக்கு மறுநாள் மாலை. அச்சகத்து மாடியில் இருந்த கட்சி அலுவலகத்தில் நிற்கவும் இடமில்லை. வாக்கு எண்ணிக்கை இன்னும் தொடங்கவில்லை. ஆயினும் வெற்றி தம்முடையதே என்பதில் அங்கே ஒருவருக்கும் ஐயமில்லை.

"எல்லாரும் விரலைக் காட்டுங்க!" என்றார் மரக்கடைக்காரர். கிளையின் துணைச் செயலாளர் அவர்.

மை பூசிய விரல்கள் உயர்ந்தன. ஒரே ஒருவர் மட்டும் கையைத் தூக்கவில்லை. அவர்தான் கிளைச் செயலாளர். சைக்கிள் கடை வைத்திருப்பவர். முப்பது ஆண்டுகளாக அந்தப் பொறுப்பை வகிப்பவர்.

"அண்ணே, உங்க விரல் எங்கே?"

செயலாளர் கையை மேசைமேல் வைத்தார். கிரீஸ் கறை இருந்தது. மை இல்லை.

"பாத்துக்கோங்க! நம்ம செயலாளரே ஓட்டுப் போடலை!"

மாவட்டப் பொறுப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை வரவழைத்ததும் மரக்கடைக்காரர்தான்.

"உடம்பு சரியில்லையா ஐயா?"

"நல்லாத்தான் இருந்தேன்."

"நல்லா இல்லாமலா?" என்று மரக்கடைக்காரர் குறுக்கிட்டார். "நேத்து பூரா நடக்க முடியாதவங்களை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்தாரே! 'ஒரு ஓட்டுதானேன்னு வீட்ல படுத்துடாதீங்க'ன்னு தெருத்தெருவா மைக் பிடிச்சவரும் இவர்தான். ஏன்ணே, உபதேசம் ஊருக்கு மட்டுந்தானா?"

"வாசல் வரைக்கும் பத்துத் தடவை போனேன். உள்ள மட்டும் போகலை" என்றார் செயலாளர். குரலில் பதற்றமே இல்லை.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "விடுங்க தம்பி. நாடு முழுக்க ஒரே தொகுதி. கோடிக்கணக்கான ஓட்டுல ஒண்ணு குறைஞ்சா குடியா முழுகிடும்?"

"ஒண்ணு ஒண்ணா சேர்ந்துதானே அக்கா கோடி? பாதிக்கு மேல ஒரு ஓட்டாவது வேணும். இல்லேன்னா ரெண்டாவது சுத்து. மறுபடியும் போஸ்டர், மறுபடியும் பசை வாளி! யார் தூக்கறது, நீங்களா?"

வேட்பாளர் வென்றுவிட்டால் கிளைச் செயலாளரின் சொல்லுக்குத் தலைநகர் வரை மதிப்பு உண்டு. மரக்கடைக்காரருக்கு ஏன் இந்த அவசரம் என்பது அண்ணிக்கு விளங்காமல் இல்லை.

மரக்கடைக்காரர் விடுவதாக இல்லை. "எதிர்க்கட்சியைப் பாருங்க. பேக்கரிக்காரர்தான் அங்க செயலாளரா இருந்தார். போன தேர்தலன்னைக்குத் தூங்கிட்டேன்னு சொன்னார். மறுவாரமே பதவியைப் பிடுங்கிட்டாங்க. கும்பகர்ணன்னு பேர் வச்சு நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோமே!"

"நான் சிரிக்கலை."

"நீங்க எப்படிச் சிரிப்பீங்க? வயித்துல தையலோட ஆஸ்பத்திரியில இல்ல கிடந்தீங்க? இந்தத் தடவை அவர் கால் முறிஞ்சு கட்டில்ல கிடக்கார். சரி, அவங்களுக்கு ஒரு ஓட்டு குறைஞ்சுதுன்னு நான் கணக்குப் போட்டு வச்சா, நீங்க அதையும் சரிக்கட்டிட்டீங்க! சும்மாவா செய்வாரு? கை நனைஞ்சிருக்கும்!"

பதவி போவது வேறு. விலைபோனவன் என்ற பெயரோடு போவது வேறு.

மாவட்டப் பொறுப்பாளர் பேனாவைத் திறந்தார். நீக்கத் தீர்மானம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. காரணம் எழுத வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஐயா, நேராவே கேக்கறேன். அந்தக் கட்சிக்காரங்ககிட்ட ஏதாவது வாங்கினீங்களா?"

"வாங்கினேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நான் சொல்லலை?" என்று துள்ளினார் மரக்கடைக்காரர்.

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"பேக்கரிக்காரர்கிட்ட."

"எப்போ?"

"போன தேர்தலன்னைக்கு."

மரக்கடைக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. "அன்னைக்குத்தான் அவர் தூங்கிட்டாரே..."

"அவர் எங்கப்பா தூங்கினார்? அவர் ஓட்டை என் ஓட்டு அழிக்கும், என் ஓட்டை அவர் ஓட்டு அழிக்கும். முப்பது வருஷமா எங்களுக்குள்ள அதான் போட்டி. 'நீ படுத்துக் கிடக்கறப்ப நான் மட்டும் போட்டு ஜெயிச்சா, அது ஒரு ஜெயமாய்யா?'ன்னு சாவடி வாசல்லேருந்து திரும்பி வந்து என் கட்டில் பக்கத்துல உக்காந்துக்கிட்டார். பதவி போனப்பகூட வாயைத் திறக்கலை."

கும்பகர்ணன் என்று சிரித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாவட்டப் பொறுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எவ்வளவு வாங்கினீங்கன்னு இதுல எழுதணும் ஐயா."

செயலாளர் மை படாத அந்த விரலால் காலியிடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"தாராளமா எழுதுங்க. வாங்கினது ஒரு ஓட்டு. நேத்து திருப்பிக் கொடுத்ததும் ஒரு ஓட்டு."